பனிமேற் சறுக்கும் சிறு விமானங்களும் தரை விபத்துகளும்

கொல்கத்தா நகரின் தென்மேற்கே, ஹூக்ளி நதியின் கிழக்குக் கரையில் கார்டன் ரீச் என்னும் பகுதி அமைந்துள்ளது. 1884-ஆம் ஆண்டில் நதிக்கப்பல்களைப் பழுதுபார்க்கும் பட்டறையாகத் தோன்றி, 1960-இல் மத்திய அரசாங்கத்தின் உடைமையாகிய கப்பல் கட்டும் தளம் இங்கு இயங்கி வருகிறது. சுதந்திர இந்தியாவில் கட்டப்பெற்ற முதற் போர்க்கப்பலாகிய ‘அஜய்’ 1961-இல் இத்தளத்திலிருந்தே கடற்படையிடம் ஒப்படைக்கப்பட்டது. 2025 ஜூன் மாதத்தில் இத்தளத்தினர் நார்வே நாட்டின் காங்ஸ்பெர்க் நிறுவனத்துடன் ஓர் உடன்பாட்டுக் குறிப்பிற் கையெழுத்திட்டனர். துருவ ஆராய்ச்சிக்கென்றே ஒரு கப்பலை வரைந்து, அதனை இந்தியாவிலேயே கட்டுவது அவ்வுடன்பாட்டின் நோக்கமாகும்.

துருவக் கப்பல் எத்துணைச் சிறந்ததாயினும் அது பனிக்கரை வரையில்தான் செல்ல இயலும். அதற்கப்பால் பல நூறு கிலோமீட்டர் பரந்து கிடக்கும் பனிப்பாலையில் பணியாளரையும் கருவிகளையும் கொண்டு செல்ல ஹெலிகாப்டர்களும், பனியூர்திகளும், சக்கரத்துக்குப் பதிலாகச் சறுக்குப் பலகை பூண்ட சிறு விமானங்களும் வேண்டும். 1981 டிசம்பரில் கோவாவிலிருந்து புறப்பட்ட முதல் இந்திய அண்டார்க்டிகப் பயணத்திலேயே ஹெலிகாப்டர்கள் இடம் பெற்றிருந்தன. இந்நாளில் இந்தியா உள்ளிட்ட 11 நாடுகள் கூட்டாக நடத்தும் ‘டிராம்லான்’ என்னும் விமானப் போக்குவரத்து ஏற்பாட்டின்படி, பணியாளர்கள் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனிலிருந்து சுமார் 4,200 கிலோமீட்டர் பறந்து, நமது ‘மைத்ரி’ நிலையத்துக்கு அருகிலுள்ள ரஷ்ய நிலையத்தின் பனிக்கட்டி ஓடுபாதையில் இறங்குகின்றனர். அங்கிருந்து உள்நாட்டு முகாம்களுக்கும் பிற நிலையங்களுக்கும் அவர்களைக் கொண்டு செல்பவை சறுக்குப் பலகை பூண்ட விமானங்களே.

வானிலை ஆய்வாளர், நிலவியலார், மருத்துவர், சமையற்காரர், யந்திர வினைஞர் எனப் பல துறையினர் இவ்விமானங்களின் அருகே நின்று பணியாற்ற நேர்கிறது. அவர்களுட் பெரும்பாலோர் விமானத் தொழிலிற் பயிற்சி பெற்றவரல்லர். விமான விபத்து என்றவுடன் வானிலிருந்து வீழ்வதே பொதுமக்களின் நினைவுக்கு வரும். ஆனால் பனிநாட்டில் விமானம் தரையில் இருக்கும்போதே பலவகை விபத்துகளுக்கு உள்ளாகிறது. புறப்படும்போது, நிற்கும்போது, திரும்பும்போது, சுமை ஏற்றும்போது, இரவில் கட்டி வைத்திருக்கும்போது நேரும் இவ்விபத்துகளைத் தவிர்ப்பது விமானியின் கையில் மட்டும் இல்லை. தரையில் நிற்பவரின் கையிலும் உள்ளது. அவற்றின் காரணங்களை இங்கு முறையாக ஆராய்வோம்.

சறுக்குப் பலகை செய்வது என்ன?

எடுத்துக்காட்டாக, 1,000 கிலோகிராம் எடையுள்ள ஒரு சிறு விமானத்தைக் கொள்வோம். அதன் இரு சறுக்குப் பலகைகளும் ஒவ்வொன்றும் 2 மீட்டர் நீளமும் 30 சென்டிமீட்டர் அகலமும் உடையன எனில், பனியைத் தொடும் மொத்தப் பரப்பு 12,000 சதுர சென்டிமீட்டர் ஆகும். எனவே ஒரு சதுர சென்டிமீட்டர் பனி தாங்கும் சுமை சுமார் 83 கிராம் மட்டுமே. 70 கிலோகிராம் எடையுள்ள மனிதர் ஒருவர் இரு காலணிகளையும் ஊன்றி நிற்கும்போது அவர் பாதங்களின் பரப்பு ஏறத்தாழ 400 சதுர சென்டிமீட்டர். அப்போது ஒரு சதுர சென்டிமீட்டரின் சுமை 175 கிராம் ஆகிறது. நடக்கையில் ஒரு காலை எடுத்தவுடன் அது 350 கிராமாக உயர்கிறது.

மனிதரைப் போல் பதினான்கு மடங்கு எடையுள்ள விமானம் பனியின்மேல் எளிதாக வழுக்கிச் செல்கையில், அதனருகே நிற்பவரோ முழங்கால் வரை புதைகிறார் என்பது இக்கணக்கினால் விளங்கும். விமானம் தம்மை நோக்கி வருவதைக் கண்ட பிறகு விலகி ஓடிவிடலாம் என்று சாதாரணத் தரையில் எண்ணுவது பொருந்தும். மென்பனியில் அது பொருந்தாது. பனியிற் புதையும் கால் ஓடாது.

பலகை பனியின்மீது வழுக்குவது ஏன் என்பதற்குப் பழைய பாடநூல்கள், அழுத்தத்தினால் பனி உருகி நீராகிறது என்று காரணம் கூறின. ஒரு வளிமண்டல அழுத்தத்துக்குப் பனிக்கட்டியின் உருகுநிலை ஒரு பாகையின் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவாகவே தாழ்கிறது. மேலே கண்ட விமானத்தின் அழுத்தம் ஒரு வளிமண்டல அழுத்தத்தில் பன்னிரண்டில் ஒரு பங்குதான். ஆகவே அழுத்தம் இதற்குப் போதிய காரணம் அன்று. பனிக்கட்டியின் மேற்பரப்பில் உறைநிலைக்குக் கீழேயும் இயல்பாகவே மிக மெல்லிய, நீர்மம் போன்ற ஓர் அடுக்கு உள்ளது. அதனோடு பலகை உராய்வதால் எழும் வெப்பமும் சேர்ந்து வழுக்கலை உண்டாக்குகிறது என்பதே இந்நாளைய விளக்கம். கடுங்குளிரில் இந்நீர்ப்படலம் சுருங்கிவிடுவதால் பனி மணலைப் போலச் சொரசொரப்பாகிவிடும். எனவே ஒரே விமானம் ஒருநாள் நிற்காமல் வழுக்கி ஓடும். மறுநாள் நகர மறுக்கும். முதல் நாளின் அநுபவத்தைக் கொண்டு மறுநாள் அளவிடுவது அபாயத்துக்கு வழிகோலும்.

நிறுத்தும் கருவி இல்லாத ஊர்தி

சக்கரத்துக்குப் பிரேக் உண்டு. சறுக்குப் பலகைக்குப் பெரும்பாலும் அது இல்லை. யந்திரத்தைக் குறைத்துவிட்டுப் பனியின் உராய்வு நிறுத்தும் வரையில் காத்திருப்பது ஒன்றே வழி. மணிக்கு 36 கிலோமீட்டர், அதாவது விநாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் செல்லும் ஊர்தியைக் கருதுவோம். உலர்ந்த சாலையில் பிரேக் பிடித்தால் உராய்வுக் குணகம் 0.5 எனக் கொள்ள, அது சுமார் 10 மீட்டரில் நின்றுவிடும். வழுக்கும் பனியில் அக்குணகம் 0.05 ஆயின், நிற்பதற்கு 100 மீட்டருக்கு மேல் தேவை. பத்து மடங்கு தூரம்!

மேலும், இருபது மீட்டருக்கு ஒரு மீட்டர் தாழும் சரிவிலேயே அத்தகைய விமானம் யந்திரத்தின் உதவியின்றித் தானே வழுக்கத் தொடங்கும். கண்ணுக்குச் சமதளம் போலத் தோன்றும் பனிவெளியில் இவ்வளவு சரிவை உணர்வது கடினம். யந்திரம் மிகக் குறைந்த வேகத்தில் சுழலும்போதும் அதன் இழுவை, விமானத்தை மெல்ல முன்னே கொண்டு செல்லப் போதுமானதாக இருக்கக்கூடும். ஆகையால் பனியில் ‘யந்திரம் ஓடுகிறது, விமானம் நிற்கிறது’ என்ற நிலை உறுதியானதன்று. யந்திரம் ஓடும் விமானத்தை ஓடும் விமானமாகவே கருத வேண்டும்.

திருப்புவதும் அவ்வாறே. சக்கர விமானம் ஒருபக்கப் பிரேக்கைப் பிடித்துக் குறுகிய இடத்தில் திரும்பும். சறுக்கு விமானமோ வாற்சுக்கானின்மீது வீசும் விசிறிக் காற்றையே பெரிதும் நம்புகிறது. அக்காற்றைப் பெருக்க யந்திரத்தை முடுக்கினால் வேகமும் கூடுகிறது. வேகம் கூடினால் திரும்பும் வட்டம் பெரிதாகிறது. பக்கத்திலிருந்து பலத்த காற்றடித்தால், காற்றுத்திசை காட்டியைப் போல விமானத்தின் மூக்கு காற்றை நோக்கித் திரும்பிவிடும். எண்ணெய்ப் பீப்பாய்களையும் கூடாரங்களையும் பனியூர்திகளையும் இறங்குமிடத்துக்கு அருகில் வைத்தல் கூடாது என்பதற்கு இதுவே காரணம்.

கண்ணுக்குத் தெரியாத கத்தி

தரை விபத்துகளில் மிகக் கொடியது, சுழலும் விசிறியில் மனிதர் அகப்படுவதே. 1926 மார்ச் மாதத்தில் அலாஸ்காவின் ஃபேர்பாங்க்ஸ் நகரில் ஹியூபர்ட் வில்கின்ஸ் என்பார் தலைமையில் வடதுருவ விமானப் பயணத்துக்கு ஆயத்தம் நடந்து வந்தது. ஃபாக்கர் விமானம் பனியிற் சிக்கிக்கொள்ளவே, அதனை விடுவிப்பதற்குப் பலரும் உதவினர். அவ்வாறு உதவியவர்களுள் ஒருவரான செய்தியாளர் பால்மர் ஹட்சின்சன், சுழன்றுகொண்டிருந்த விசிறியிற் பட்டு உயிரிழந்தார். விமானம் அப்போது பறக்கவில்லை, பறக்க முற்படவுமில்லை. பனியிற் சிக்கிய விமானத்தைத் தள்ளிவிடும் எளிய வேலையில் அம்மரணம் நேர்ந்தது.

இவ்விபத்துக்கு அடிப்படையான சூழ்நிலை இன்றும் மாறவில்லை. வேகமாகச் சுழலும் விசிறியின் இதழ்கள் கண்ணுக்குத் தனித்தனியே புலப்படுவதில்லை. வெண்பனிப் பின்னணியில் அந்த மங்கிய வட்டமும் மறைந்துவிடுகிறது. குளிர் அங்கியின் தலையுறை பக்கப் பார்வையை மறைக்கிறது, காதுகளையும் மூடுகிறது. பனிக்கண்ணாடியில் நீராவி படிகிறது. விசிறிக் காற்றினால் எழும் பனித்தூள் முகத்தில் அடிக்க, மனிதர் இயல்பாகவே தலையைக் குனிந்துகொண்டு நடக்கிறார். கீழே பாதம் வழுக்குகிறது. இத்தனை தடைகளும் ஒருங்கே கூடிய நிலையில், பழக்கமுள்ளவரும் திசை தவறிவிடுவர்.

சிக்கிய விமானத்தை விடுவிக்கும்போது இன்னுமோர் அபாயம் உண்டு. வாலை அசைத்தும் இறக்கையின் தாங்குகட்டையைத் தள்ளியும் பலகையைப் பனியிலிருந்து பெயர்க்கையில், அது விடுபடும் கணத்தில் விமானம் திடீரென முன்னே பாயும். தள்ளியவர் தடுமாறி முன்பக்கம் விழக்கூடும். விமானியோ, மீண்டும் பலகை ஒட்டிக்கொள்ளுமே என்று அஞ்சி நிறுத்தத் தயங்குவார். எனவே யார், எங்கே நின்று, எப்போது தள்ளுவது, விடுபட்டபின் எத்திசையில் விலகுவது என்பனவற்றை யந்திரத்தை முடுக்குவதற்கு முன்னரே விமானியும் பணியாளரும் பேசி முடிவு செய்துகொள்ள வேண்டும். யந்திரம் முழங்கத் தொடங்கிய பிறகு பேச்சுக் கேளாது.

ஒட்டிக்கொள்ளும் பலகை

வழுக்கிச் செல்லும் பலகை நின்றவுடன் ஒட்டிக்கொள்வதேன்? உராய்வு வெப்பத்தால் உருகிய நீர்ப்படலம், இயக்கம் நின்ற சிறிது நேரத்தில் உறைந்து, பலகையைப் பனியோடு பிணைத்துவிடுகிறது. அன்றியும் பனித்துகள்கள் ஒன்றையொன்று தொட்ட இடங்களில் தாமாகவே பொருந்தி இறுகும் தன்மை உடையன.

தென் துருவத்திலேயே இது நிகழ்ந்தது. 1956 அக்டோபர் 31-ஆம் நாள் அமெரிக்கக் கடற்படையின் ‘கே செரா செரா’ என்னும் விமானம் அங்கு முதன்முதலாக இறங்கியது. அது நம் நாட்டினர் நன்கறிந்த டகோட்டா வகையைச் சேர்ந்தது. 1947 அக்டோபரில் ஸ்ரீநகருக்குப் படைவீரரைச் சுமந்து சென்றவையும் டகோட்டாக்களே. துருவத்தில் உஷ்ணநிலை உறைநிலைக்குக் கீழே ஏறத்தாழ 50 பாகை. 49 நிமிஷங்கள் மட்டுமே அவ்விமானம் அங்கு நின்றது. அதற்குள் பலகைகள் பனியோடு உறைந்துவிட்டன. யந்திரங்களை முழு வேகத்தில் முடுக்கியும் விமானம் அசையவில்லை. உடன் கொண்டு சென்ற 15 உந்து ராக்கெட்டுகளையும் கொளுத்தியே அதனைப் பெயர்த்துக் கிளப்ப முடிந்தது. ராக்கெட்டுகள் இல்லாதிருப்பின் அக்குழுவினர் கடுங்குளிரில் அங்கேயே சிக்கியிருப்பர்.

இதற்கு எளிய மாற்றுவழிகள் உண்டு. இறங்கிய விமானத்தை உடனே நிறுத்திவிடாமல், தன் தடத்தின்மீதே ஒருமுறை மீண்டும் ஓட்டிப் பனியைக் கெட்டிப்படுத்தி, சற்றுக் குளிர விட்டு, அந்தத் தடத்தில் நிறுத்துவர். நெடுநேரம் நிறுத்துவதாயின் பலகையின் கீழே மரத்துண்டுகளையோ, கிளைகளையோ, கெட்டியான பிளாஸ்டிக் விரிப்பையோ இடுவர். அவ்வாறு செய்தால் பலகை பனியைத் தொடுவதில்லை. வேறுபல தொல்லைகளுக்கும் ராக்கெட்டுக்கும் ஆகும் செலவை நோக்க, இரண்டு மரத்துண்டுகளின் விலை மிகச் சிறிது.

நிறுத்தி வைத்த விமானமும் காற்றும்

இறக்கை என்பது காற்றோட்டத்தில் மேலெழும்புவதற்காகவே அமைக்கப்பட்ட உறுப்பு. அக்காற்றோட்டம் விமானத்தின் ஓட்டத்தால் வந்ததா, புயலால் வந்ததா என்று இறக்கை வேறுபாடு பார்ப்பதில்லை. மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் தரையை விட்டெழும் ஒரு விமானம், அதே வேகமுள்ள புயல் எதிரே வீசினால், நின்ற இடத்திலேயே எழும்ப முயலும். காற்றின் விசை அதன் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளர்கிறது. வேகம் இருமடங்கானால் விசை நான்கு மடங்காகும்.

1929 மார்ச்சில் அமெரிக்கரான ரிச்சர்ட் பேர்டின் அண்டார்க்டிகக் குழுவைச் சேர்ந்த மூவர், நிலவியலறிஞர் லாரன்ஸ் கூல்ட் தலைமையில், ஃபாக்கர் விமானமொன்றில் ராக்ஃபெல்லர் மலைகளுக்குச் சென்றனர். விமானத்தைக் கயிறுகளாற் பிணித்துக் கூடாரம் அமைத்துத் தங்கினர். பின்னர் எழுந்த புயலில் கட்டுகள் அறுந்தன. விமானம் தானே எழும்பி, ஏறத்தாழ அரை மைல் தூரம் பின்னோக்கி அடித்துச் செல்லப்பட்டு நொறுங்கியது. உயிர்ச்சேதம் இல்லை, எனினும் அம்மூவரும் திரும்ப வழியின்றித் தவித்தனர். பேர்டே மற்றொரு விமானத்தில் வந்து அவர்களை மீட்க வேண்டியதாயிற்று. பனிநாட்டில் விமானத்தை இழப்பது ஊர்தியை மட்டும் இழப்பதன்று. வீடு திரும்பும் வழியையே இழப்பதாகும்.

விமானத்தைக் காற்றுக்கு எதிர்முகமாக நிறுத்துவதும், பலகைகள் பொருந்துமாறு பனியிற் பள்ளம் வெட்டி அதில் இறக்கி வைப்பதும், இறக்கையின் மேற்புறத்தில் நீளவாட்டில் மரச்சட்டங்களைக் கட்டிக் காற்றோட்டத்தைக் கெடுப்பதும் வழக்கமான பாதுகாப்புகள். கயிறு கட்டுவதற்கு முளையைச் செங்குத்தாக அடிப்பது பயன் தராது. அது எளிதிற் பெயர்ந்து வரும். மரக்கட்டையொன்றின் நடுவே கயிற்றைக் கட்டி, ஆழமாகத் தோண்டிய குழியிற் குறுக்காகக் கிடத்தி, மேலே பனியை இட்டு மிதிக்க வேண்டும். பனித்துகள்கள் இறுகும் இயல்பால் சில மணி நேரத்தில் அக்கட்டை உறுதியாகப் பற்றிக்கொள்ளும். பலகையைச் சிறைப்படுத்திய அதே இயல்பு இங்கு விமானத்தைக் காக்கிறது.

புயல் ஓய்ந்த பின்னரும் பணி முடிவதில்லை. மிக நுண்ணிய பனித்தூள் சிறு இடுக்குகளின் வழியே உடலின் உள்ளே புகுந்து நிரம்பும். 1935-இல் அண்டார்க்டிகாவைக் குறுக்கே கடந்து பறந்த லிங்கன் எல்ஸ்வொர்த்தும் அவருடைய விமானி ஹாலிக்-கென்யனும் இடைவழியில் ஒரு புயலிற் சிக்கினர். அதன் பின், வாற்பகுதியினுள் அடைந்த பனியைச் சிறு பாத்திரத்தால் வாரி வாரி வெளியேற்ற வேண்டியிருந்தது. வாற்புறம் கனத்த விமானம் கிளம்பியவுடன் நிலைதவறும். அதுபோலவே, இறக்கையின்மேற் படிந்த உறைபனி மெல்லியதாயினும் அதன் தூக்குவிசையைக் குறைத்துவிடும். துடைப்பத்தாலோ குறுக்கே போட்டிழுக்கும் கயிற்றாலோ அதனை முற்றும் நீக்கிய பின்னரே புறப்பட வேண்டும்.

பனித்தரையின் வஞ்சனை

காற்று ஒரே திசையில் நெடுநாள் வீசும் இடங்களிற் பனிப்பரப்பு உழுத நிலம்போல் வரிவரியாக அரிக்கப்படுகிறது. ‘சஸ்த்ருகி’ எனப்படும் இவ்வரப்புகள் கல்லைப் போல் இறுகியிருக்கும். குறுக்கே ஓடும் பலகையின் மூக்கு வரப்பில் முட்டினால் தாங்குகால் முறியலாம். விமானம் தலைகீழாகக் கவிழலாம். வரப்புகளுக்கு இணையாக ஓடுவதே முறை. மைத்ரி நிலையப் பகுதியிற் காற்று பெரும்பாலும் தென்கிழக்கிலிருந்து வீசுவதால், வரப்புகள் கிடக்கும் போக்கைப் பார்த்தே காற்றின் வழக்கத்தை அறிந்துகொள்ளலாம்.

இரண்டாவது வஞ்சனை, பிளவுகள். பனியாறு வளைந்தோ சரிந்தோ செல்லும் இடங்களில் ஆழமான வெடிப்புகள் தோன்றி, மேலே மெல்லிய பனிப்பாலம் மூடிக்கொள்கிறது. நீளமான பலகை அதனைத் தாண்டிவிடலாம். விமானத்திலிருந்து குதித்திறங்கும் மனிதர் அதில் வீழ்வார். சுமை பரவுதலைப் பற்றி முன்னர்க் கண்ட கணக்கு இங்கும் பொருந்துகிறது. விமானம் பத்திரமாக நின்றதென்பது, நடப்பதற்கு அவ்விடம் பத்திரமானது என்பதற்குச் சான்றாகாது.

மூன்றாவது, கடற்பனி. 1934 ஜனவரியில் எல்ஸ்வொர்த்தின் ‘போலார் ஸ்டார்’ விமானம், திமிங்கில விரிகுடாவிற் கடற்பனியின்மேல் இறக்கி வைக்கப்பட்டது. வெள்ளோட்டமும் நன்கு முடிந்தது. மறுநாட் காலையில் பனித்தளம் திடீரென உடைந்து, பலகைகள் பிளவுக்குள் இறங்கி, விமானம் பெருஞ்சேதம் அடைந்தது. நீண்ட ஆயத்தத்துக்குப் பிறகு தொடங்கவிருந்த பயணம் அவ்வாண்டு கைவிடப்பட்டது.

நான்காவது, ஒளி. மேகம் கவிந்த நாளில் வானத்தின் ஒளி பனியிற் பட்டுத் திரும்ப, மேகம் அதனை மீண்டும் கீழே திருப்ப, எல்லாத் திசைகளிலிருந்தும் ஒரே அளவாக வெளிச்சம் வருகிறது. நிழல் அற்றுப்போகிறது. அந்நிலையில் பள்ளமும் மேடும் வேறுபடா. தரையின் உயரத்தை விமானியால் அளவிட முடியாது. தரைப் பணியாளர் ஓடுபாதையின் இருமருங்கிலும், இறக்கை தட்டாத தொலைவில், சம இடைவெளியிற் கருங்கொடிகளை நட்டுவைத்தால் கண்ணுக்கு ஓர் அளவுகோல் கிடைக்கும். வளைந்து கொடுக்கும் மூங்கிற் கழிகள் இதற்கு உகந்தவை. இரும்புக் கழிகள் தட்டினால் விமானத்துக்கே ஊறு.

அநுபவம் மிக்க குழுவினருக்கும் இத்தரை இரக்கம் காட்டுவதில்லை. மைத்ரி நிலையம் அமைந்துள்ள அதே குவீன் மாட் லாந்துப் பிரதேசத்தில், ஹோல்டன்னா என்னுமிடத்தில், 2012 டிசம்பரில், டகோட்டாவைப் புதுக்கி அமைத்த பாஸ்லர் வகை விமானமொன்று பனியிலிருந்து கிளம்பும் முயற்சியிற் சேதமுற்றது. நல்வாய்ப்பாக உயிரிழப்பு இல்லை.

குளிரும் நெருப்பும்

கடுங்குளிரில் யந்திர எண்ணெய் பாகுபோலக் கெட்டியாகிவிடும். முற்காலத்தில் விமானம் நின்றவுடன் எண்ணெயை வடித்தெடுத்து, அடுப்பருகே வைத்துக் காத்து, மறுநாள் சூடாக ஊற்றுவர். பின்னர் யந்திரத்தைக் கித்தான் உறையால் மூடி, கீழே சூடேற்றும் அடுப்பை வைக்கும் முறை பரவியது. உறை, எண்ணெய்க் கசிவு, திறந்த தீ ஆகிய மூன்றும் ஓரிடத்திற் கூடுவதால், தீயணைக்கும் கருவியுடன் ஒருவர் இமையாது காவல் இருத்தல் வேண்டும். வறண்ட குளிர்காற்றில் ஆடைகளின் உராய்வால் நிலைமின்சாரம் எளிதில் திரளும். ஆகவே பெட்ரோல் ஊற்றுமுன் பீப்பாயையும் விமானத்தையும் கம்பியால் இணைத்துவிடுவது இன்றியமையாதது.

களப் பணியாளர் கைக்கொள்ள வேண்டியவை

1. விசிறி முற்றிலும் நின்று, விமானி கையசைத்து அழைத்த பிறகே விமானத்தை அணுகுக. அணுகும் திசையை விமானியிடம் முன்னதாகவே கேட்டறிந்துகொள்க.

2. யந்திரம் ஓடும்போது அருகிற் செல்வது தவிர்க்க இயலாததாயின், தலையுறையை விலக்கிப் பக்கப் பார்வைக்கு இடங்கொடுத்து, இறக்கைக்குப் பின்புறமாகச் செல்க. தாங்குகட்டையைத் தாண்டி முன்னே ஓரடியும் வைத்தல் ஆகாது.

3. பறந்துபோகும் தொப்பி, காகிதம், கையுறை எதனையும் துரத்திக்கொண்டு ஓடாதீர். அப்பொருள் எவ்வளவு அரியதாயினும் சரியே.

4. விசிறியைக் கையாற் சுழற்றி முடுக்கும் பழைய விமானமாயின், முதலில் வாலைக் கயிற்றாற் பிணிக்க வேண்டும். விமானி இருக்கையில் அமர்ந்திருத்தலும் வேண்டும்.

5. நீண்ட கழி, கொடிக்கம்பு, நிலஅளவைக் கோல் ஆகியவற்றைத் தோளிற் சாய்த்துச் செல்லாமல், இடுப்பளவிற் கிடையாகத் தாங்கிச் செல்க.

6. சுமை ஏற்றுவோரில் ஒருவரைத் தலைவராக நியமித்து, அவர் ஒருவரே விமானிக்குச் சைகை காட்டுமாறு செய்க. பலர் காட்டும் சைகை, சைகையே இல்லாமைக்கு ஒப்பாகும்.

7. விமானம் புறப்படுமுன் ஆட்களை எண்ணுக. ஒருவர் குறைந்தாலும், அவர் நிற்குமிடம் தெரியும் வரை யந்திரத்தை முடுக்க விடாதீர்.

வகுப்பறையிற் காட்டத்தக்கவை

பனியே காணாத தமிழ்நாட்டு மாணவருக்கும் இவ்வுண்மைகளை எளிதில் விளக்கலாம். இரண்டு ஐஸ் கட்டிகளை ஒன்றோடொன்று அழுத்தி ஒரு நிமிஷம் பிடித்தால் அவை ஒட்டிக்கொள்ளும். உறைகலத்திலிருந்து அப்போதே எடுத்த உலோகத் தட்டில் ஈரத்துணியை வைத்தால் அது பற்றிக்கொள்ளும். சறுக்குப் பலகை உறைந்து பிணைவதன் தத்துவம் இதுவே.

ஒரு பலகையின்மேல் மரக்கட்டையொன்றையும் ஐஸ் கட்டியொன்றையும் வைத்து, பலகையின் ஒரு முனையை மெல்ல உயர்த்துக. ஐஸ் கட்டி சிறு சரிவிலேயே வழுக்கும், மரக்கட்டை அசையாதிருக்கும். வழுக்கத் தொடங்கும் கோணத்தின் டான்ஜென்ட் மதிப்பே உராய்வுக் குணகம் என்பதை உயர்வகுப்பு மாணவர் அளந்து கணக்கிடலாம். அக்குணகத்தைக் கொண்டு நிற்பதற்குரிய தூரத்தையும் காணலாம்.

கூரையில் தொங்கும் மின்விசிறியைச் சுழலவிட்டு, அதன் இதழ்களை எண்ணுமாறு மாணவரைக் கேட்கலாம். வேகம் கூடக் கூட இதழ்கள் மறைந்து, விசிறிக்கு அப்பாலுள்ள கூரையே தெரியும். வெள்ளைக் கூரையில் வெள்ளை விசிறி இன்னும் விரைவில் மறைவதையும் அவர்கள் காண்பர். விமான விசிறியின் முனைகளிற் பளிச்சென்ற நிறப்பட்டைகள் தீட்டப்படுவதேன் என்பதற்கு அவர்களே விடை கூறுவர்.

ஆடும் கப்பல் தளத்தில் ஹெலிகாப்டர் வழுக்கிவிடாமற் பற்றி நகர்த்தும் கருவிகளையும் கார்டன் ரீச் தொழிலகத்தினர் செய்கின்றனர். தளத்தில் அத்தகைய கருவி விமானத்தைப் பற்றிக்கொள்கிறது. பனிவெளியில் அவ்வாறு பற்ற எதுவுமில்லை. புதைத்த கட்டை, நல்ல கயிறு, நட்ட கொடி, முன்கூட்டிப் பேசிக்கொண்ட சைகை ஆகியவையே உள்ளன. துருவக் கப்பல் கட்டி முடிந்து அதில் ஏறிச் செல்லவிருக்கும் களப் பணியாளர், இவற்றைக் கரையிலேயே பழகிக்கொள்வது நன்று.